போர்ட்ஃபோலியோவில் நடிகர் படங்கள் வேண்டாம்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ படிக்கிறேன். நடிகர், நடிகைகளைப் பென்சிலில் அச்சு அசலாக வரைவேன். பி.எஃப்.ஏ. என்ற நுண்கலைப் பட்டப்படிப்பில் சேர ஆசை. நம் படங்களில் தேர்ந்தெடுத்தவற்றைத் தொகுத்து போர்ட்ஃபோலியோ தயார் செய் என்கிறார்கள். அதில் என்ன வைக்க வேண்டும், எத்தனை வைக்க வேண்டும்? அப்பா தென்னந்தோப்பில் கள் இறக்கும் தொழிலாளி, அதிகம் செலவு செய்ய முடியாது. மலையாளமும் சரளமாக வராது. வழி சொல்லுங்கள் அக்கா.

பதில்:

அன்புத் தங்கச்சி,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கை நன்றாக ஓடுகிறது. தலைமுடியை இழை இழையாக எவ்வளவு பொறுமையாகப் போட்டிருக்கிறாய்! ஆனாலும் அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள், மற்றவற்றை எடுத்து வை. போட்டோவைப் பார்த்து வரையும்போது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதையெல்லாம் படம் எடுத்தவரே முடிவு செய்துவிட்டார். உனக்கு மிச்சம் இருப்பது நகல் எடுக்கும் வேலைதான். தேர்வு செய்பவர்களோ நீ எதைப் பார்க்கிறாய், எப்படிப் பார்க்கிறாய் என்பதைத்தான் தேடுவார்கள். கேரள அரசு நுண்கலைக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வும் உண்டு. அங்கே செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைய முடியாது.

சரி, எதை வரைவது? அப்பாவின் பாளை சீவும் கத்தி, பாளையைத் தட்டும் எலும்பு, ஒரு மண் கலயம். மூன்றையும் காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி திண்ணையில் வை. கத்தியின் விளிம்பு மட்டும் பளிச்சென்று மின்னும், மற்ற இடமெல்லாம் இருண்டிருக்கும். எலும்பு கைபட்டுத் தேய்ந்து வழவழவென்று இருக்கும். கலயத்தில் வெளிச்சம் மெதுவாக நிழலுக்குள் இறங்கும். மூன்றுக்கும் ஒரே மாதிரி ஷேடிங் செய்தால் மூன்றும் ஒரே பொருளால் செய்தது போலத் தெரியும். முதலில் வெறும் கோட்டில் வரை, அப்புறம் மெத்தென்று கருப்பாக எழுதும் 4பி பென்சிலில், அப்புறம் கரியில். அதே பொருள்களை மதியம் வரைந்து பார், நிழல் சுருங்கி வேறு படமாகிவிடும். இந்த வரிசையிலிருந்து நல்லதாக இரண்டு படங்களை எடுத்தாலே, நீ தேடிப் பார்க்கிறவள் என்பது பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

மனித உருவத்துக்கு வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்குப் போ. மூட்டை தூக்குகிறவர் உனக்காக நிற்கமாட்டார். இரண்டு நிமிடத்துக்குள் முதுகின் வளைவையும், எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்பதையும் பிடித்துவிட வேண்டும். முகமே வேண்டாம். ஒரு சாதாரண நோட்டில் தினமும் இப்படி வரைந்து, தேதி போட்டு வை. கோணல்மாணலாக வந்த பக்கத்தைக் கிழித்துவிடாதே. அந்த நோட்டையும் நேர்காணலுக்கு எடுத்துப் போ. நான் தேர்வாளராக இருந்தால் அதைத்தான் முதலில் புரட்டுவேன்.

கலரில் இரண்டு மூன்று போதும். முதலமடை மாந்தோப்புகள் உனக்குத் தூரமில்லை. கூடையில் கிடக்கும் மாங்காயின் பச்சைக்குள் எத்தனை பச்சை இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் போஸ்டர் கலரில் போடு. நேர் பச்சையை டப்பாவிலிருந்து எடுத்துப் பூசாதே. தூரமும் ஆழமும் தெரிய உங்கள் தெருவோ பள்ளி வராந்தாவோ ஒன்று. மொத்தம் பன்னிரண்டு முதல் பதினைந்து படங்கள் போதும். கல்லூரியின் பிராஸ்பெக்டஸில் எண்ணிக்கையோ அளவோ சொல்லியிருந்தால் அதன்படியே செய். சுமாரான படத்தைக் கணக்குக்காகச் சேர்க்காதே. ரொம்பப் பிடித்தது முதலில், அதற்கு அடுத்தது கடைசியில்.

செலவு பற்றிப் பயப்படாதே. ஏ3 அளவு கார்ட்ரிட்ஜ் தாள் (வரைவதற்கான கெட்டித் தாள்), 2பி, 4பி, 6பி பென்சில், கொஞ்சம் கரி, சின்ன போஸ்டர் கலர் பெட்டி, அவ்வளவுதான். ஃபிரேம் வேண்டாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்; பளபளப்பில் படமே தெரியாது, பிறகு பிரிக்கவும் முடியாது. கரிப் படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து, இரண்டு கெட்டி அட்டைகளுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம். ஆன்லைனில் அனுப்பச் சொன்னால், வெளியே நிழலில் படத்தை நேராக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் செல்போனிலேயே எடு. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஆண்டு, அளவு, எதில் வரைந்தது என்று எழுதிவிடு.

மலையாளம் ஒரு தடையே இல்லை. உன் படங்களில் இரண்டைப் பற்றி, ஏன் வரைந்தாய், எங்கே சிரமப்பட்டாய் என்று தோழி ஒருத்தியிடம் மலையாளத்தில் சொல்லிச் சொல்லிப் பழகு. திருவனந்தபுரம், மாவேலிக்கரை, திருச்சூர் என்று மூன்று இடங்களில் அரசு நுண்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. உனக்குத் திருச்சூர் பக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உண்டு. கோயம்புத்தூரில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக் கல்லூரியில் படித்து அங்கேயே முதல்வராகி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியவர். ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இருப்பிட விதி உண்டு, அதை முதலில் படி. நேட்டிவிட்டி சர்டிஃபிகேட்டுக்கு வில்லேஜ் ஆபீஸில் இப்போதே விண்ணப்பித்துவிடு. கடைசி வாரத்தில் அலைந்தால் வரைகிற நேரம்தான் போகும்.