சாட்சி ஹாலில்தான் படுத்திருக்கிறார்

கேள்வி: செம்பூரில் ஒரு பெட்ரூம் ஃபிளாட்டில் இருக்கிறோம். ஹாலில் மூன்றடி மீன் தொட்டி. இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு சக்கர் ஃபிஷ், ஒரு ஜோடி ஏஞ்சல், எட்டு நியான் டெட்ரா. கிராஃபர்ட் மார்க்கெட்டில் வாங்கி நட்ட அமேசான் சோர்டும் கபோம்பாவும் ஒரே மாதத்தில் கிழிந்து தொங்குகின்றன. எந்த மீன் தின்கிறது? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், வாட்ஸ்அப் குழுவில் வேறொன்று சொல்கிறார்கள். கேமரா வைக்கலாமா என்று விலை விசாரித்தேன். ஹாலில் படுக்கும் மாமனார் வேறு தினமும் நடுராத்திரி எழுந்து தொட்டி விளக்கைப் போட்டுவிடுகிறார், அதில் பாசி பிடிக்கிறது. எந்த மீன் என்று தெரிந்தால் பவாய் ஏரியில் விட்டுவிடலாம் என்கிறார் கணவர்.
– வாசகி, மும்பை

பதில்: கேமராவுக்கு விலை விசாரித்துவிட்டீர்கள். தினமும் நடுராத்திரி தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதரை ஒரு வார்த்தை விசாரித்தீர்களா?

நியான் டெட்ராவுக்குக்கூட எண்ணிக்கை எழுதியிருக்கிறீர்கள். மாமனாருக்கு ஒரே வரி, அதுவும் பாசிக்குக் காரணமாக. அவருக்கு என்ன வயது, ஊரிலிருந்து எப்போது வந்தார், ஏன் தூக்கம் வருவதில்லை, எதுவும் இல்லை. இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. கேள்வி நாயைப் பற்றியோ மாடித் தோட்டத்தைப் பற்றியோ இருக்கும். நடுவில் வீட்டுப் பெரியவர் ஒருவர் இடைஞ்சலாக வந்து போவார்.

சரி, மீனுக்கு வருகிறேன். ஏஞ்சலும் நியானும் இலையைத் தொடாது. ஏஞ்சல் வளர்ந்தால் நியானைத்தான் விழுங்கும். எட்டும் எட்டாகவே இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சந்தேகப்பட வேண்டியது இரண்டு பேரை. கோல்டு ஃபிஷுக்கு இரைப்பை கிடையாது, நாள் முழுக்க எதையாவது மேய்ந்துகொண்டே இருக்கும். கபோம்பா மாதிரி மெல்லிய இலையை நுனியிலிருந்து கடித்துத் தின்னும், மணலைக் கிளறிச் செடியையே பிடுங்கி மிதக்க விடும். இது பட்டப்பகலில் நடக்கிற வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு உட்கார்ந்தால் கண்ணில் படும்.

சக்கர் அப்படி இல்லை. பகலெல்லாம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். குட்டியாக இருக்கும்போது பாசி தின்னும் என்று சொல்லித்தான் விற்பார்கள். வளர வளர அதில் நாட்டம் குறையும், ஓரடிக்கு மேலும் வளரும். விளக்கு அணைந்த பிறகு அமேசான் சோர்டின் அகலமான இலையில் ஒட்டிக்கொண்டு சுரண்டும். பச்சை போய், நரம்பும் மெல்லிய தோலும் மட்டும் நிற்கும். திடீரென்று விளக்கைப் போட்டால் இலையை விட்டு விருட்டென்று விலகும்.

அந்த விளக்கைப் போடுகிறவர் யார்? அவரிடம் கேளுங்கள்: "மாமா, ராத்திரி லைட் போட்டதும் இலை மேலிருந்து எது ஓடுகிறது?" கணவரை விட்டுக் கேட்கச் சொல்லாதீர்கள். நீங்களே கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து.

எந்த மீனுமே தின்னாமலும் இருக்கலாம். கடைகளில் விற்கும் அமேசான் சோர்டு பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தது. தொட்டிக்குள் வந்ததும் பழைய இலை கரைந்து புது இலை வரும். இலை நடுவே குண்டூசித் துளையும் சுற்றி மஞ்சளும் இருந்தால் பொட்டாசியம் போதவில்லை, உரம் போட வேண்டும்.

சக்கர்தான் என்றால் அதற்குப் பசி. விளக்கணைத்ததும் ஒரு துண்டு வெள்ளரிக்காயோ வெந்நீரில் போட்டெடுத்த பசலைக்கீரையோ போட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். அந்தப் பொறுப்பை மாமனாரிடம் கொடுங்கள். கோல்டு ஃபிஷ் இரண்டையும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். அவற்றுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், நியானோடு சேர்த்து வைத்ததே தப்பு. இனி நடுவதென்றால் தடித்த இலையுள்ள அனுபியஸ், ஜாவா ஃபெர்ன். மணலில் புதைக்காமல் கல்லில் கட்டி விடுங்கள்.

பவாய் ஏரி என்ற பேச்சே வேண்டாம். சக்கர் தென் அமெரிக்க மீன். இப்படி விட்டுவிட்டுப் போனவர்களால்தான் இன்று நம் ஊர் ஏரிகளில் பெருகி, உள்ளூர் மீன்களுக்குத் தொல்லையாகியிருக்கிறது. வீட்டுக்குள் நாமே கொண்டுவந்த உயிர் தொந்தரவு என்றதும் எங்கே விடலாம் என்று யோசிக்கிற புத்தி எனக்குப் பிடிக்கவில்லை. அது மீனோடு நிற்கிற புத்தியும் இல்லை.

பாசிக்கு வழி சுலபம். செடிக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேர வெளிச்சம் போதும். டைமர் போட்டுப் பகல் வெளிச்சத்தைக் குறையுங்கள், ஹாலில் அவருக்கு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு மாட்டிக் கொடுங்கள். கேமராவுக்கு வைத்திருந்த பணத்தில் முதலில் அவரை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தினமும் நடுராத்திரி விழிப்பு வந்தால் சர்க்கரையையும் புராஸ்டேட்டையும் பார்க்க வேண்டும். டாக்டரிடம் போகிறபோது மகனும் கூடப் போகட்டும்.