ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். திருச்சியில இருந்து எழுதறேன், பேங்க் வேலை, வயசு 47. நீங்க முன்னாடி படம் எடுக்கறதப் பத்தி எழுதினதப் படிச்சதுல இருந்து ஒரு யோசனை மண்டையக் குடையுது. எங்கிட்ட சோனி ஏ7 ஃபோர் இருக்கு, கூட 24-70 ஜிஎம் லென்ஸ் பழைய மாடல், அப்புறம் ஒரு 70-200 லென்ஸ். நல்ல செட்டுதான், ஆனா அந்தப் பையத் தூக்கிட்டு வெளிய கெளம்பவே மனசு வரல. வீட்ல அப்பாவ எடுக்கலாம்னு கேமராவக் கையில எடுத்தா உடனே சட்டைய மாட்டிக்கிட்டு வெறைப்பா உக்காந்துடறார். அதவிட முக்கியமா, கேமராவே கண்ணக் கண்டுபிடிச்சு கட்டம் போட்டு எடுத்துடுது, நான் எதுக்கு நடுவுலன்னு தோணுது. எல்லாத்தையும் வித்துட்டு செகண்ட் ஹேண்ட்ல லைக்கா எம்240ன்னு ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் (கையாலயே ஃபோகஸ் பண்ற கேமரா), ஒரே ஒரு 35 எம்எம் லென்ஸ், அதோட நிறுத்திக்கலாமான்னு பாக்கறேன். பிரெஞ்சு போட்டோகிராஃபர் கார்ட்டியே பிரெஸ்ஸோன் நம்ம திருவண்ணாமலைக்கு அந்தச் சின்ன கேமராவோடதானே வந்தார்? பொண்ணு பரதநாட்டியம் ஆடறா, வருஷத்துக்கு அஞ்சாறு மேடை, படம் எடுக்கறது நான்தான். எனக்குக் கண்ணாடி உண்டு, வெள்ளெழுத்தும் வந்தாச்சு. என்ன செய்யலாம்?

அன்புடன்
க.

அன்புள்ள க.,

விக்காதீங்க. முதல்ல இதச் சொல்லிடறேன், ஏன்னா நீங்க பதில் வர்றதுக்குள்ள ஓஎல்எக்ஸ்ல போட்டுடுவீங்களோன்னு பயமா இருக்கு. அதுக்காக ரேஞ்ச்ஃபைண்டர் ஆசைய விட்டுடுங்கன்னு சொல்ல வரல. நானும் ஆறு வருஷம் அந்த மாதிரி கேமராவத்தான் தோள்ல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன், இன்னிக்கும் எனக்குப் பிடிச்ச என்னோட படங்கள்ல பாதி அதுல எடுத்ததுதான். ஆனா நீங்க சொல்ற மூணு காரணத்துல ரெண்டுக்கு அது மருந்தே இல்ல, மூணாவதுக்கு மட்டும்தான் மருந்து, அந்த ஒண்ணப் பத்திதான் நெறைய பேசணும்.

கனத்தப் பாருங்க. எம்240 பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, பேட்டரியோட 680 கிராம். உங்க ஏ7 ஃபோர் 658. ஆமா, நீங்க பெருசுன்னு நெனைக்கிற கேமராதான் லேசு. உங்க தோள அழுத்தறது பாடி இல்ல, அந்தப் பழைய 24-70, அது ஒண்ணே 886 கிராம், 70-200 அதுக்கும் மேல. லைக்காவுல 35 எம்எம் எஃப் 2 சம்மிக்ரான் லென்ஸ் போட்டா மொத்தம் 930 கிராம் கிட்ட வரும். உங்க சோனியிலயே 40 எம்எம் எஃப் 2.5 ஜி லென்ஸ் போட்டா, அது வெறும் 173 கிராம், மொத்தம் 831. அப்ப கனம்தான் பிரச்சனைன்னா அதுக்கு ஒரு சின்ன லென்ஸ் போதும், கேமராவயே மாத்த வேண்டியதில்ல. ஃபியூஜி எக்ஸ்100 சிக்ஸ்னு ஒண்ணு இருக்கே, 521 கிராம்தானேன்னு யாராவது சொல்லுவாங்க, நல்ல கேமராதான், ஆனா அதோட உருவமும் பாக்கற ஜன்னலும் மட்டும்தான் ரேஞ்ச்ஃபைண்டர் மாதிரி, உள்ள ஓடறது ஆட்டோஃபோகஸ், நீங்க தேடறது அது இல்ல.

அப்பா வெறைப்பா உக்கார்றதும் கேமரா அளவால இல்லன்னு நெனைக்கிறேன். அலமாரியில இருந்து பை எறங்குது, ஜிப் தொறக்குது, லென்ஸ் மாத்தறீங்க, அதுவே அவருக்கு ஒரு விசேஷம் மாதிரி ஆயிடுது, அந்தத் தலைமுறைக்கு போட்டோன்னா ஸ்டுடியோவுல பவுடர் போட்டு உக்கார்றதுதானே. கேமராவ அவர் பேப்பர் படிக்கிற மேசை மேலயே ஒரு மாசம் போட்டு வைங்க. அவர் பாக்கற பொருள்ல ஒண்ணா ஆகட்டும். லைக்காவே ஆனாலும் பைக்குள்ள இருந்து வந்தா அவர் சட்டை தேடத்தான் போவார்.

இப்ப மூணாவது. நான் எதுக்கு நடுவுலன்னு கேட்டீங்களே, அந்த வரியத்தான் நான் ரெண்டு நாளா நெனைச்சிக்கிட்டே இருந்தேன்.

ரேஞ்ச்ஃபைண்டர்ல லென்ஸ் வழியா நீங்க பாக்கறதில்ல, அது பக்கத்துல இருக்கற ஒரு ஜன்னல் வழியா பாக்கறீங்க. கேமரா முகத்துல ரெண்டு ஜன்னல், நடுவுல ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் இடைவெளி, கிட்டத்தட்ட நம்ம ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கற தூரம். ரெண்டாவது ஜன்னல்ல விழற உருவம் நடுவுல ஒரு சின்னக் கட்டத்துல ரெட்டையா தெரியும், லென்ஸத் திருப்பத் திருப்ப அது நகந்து வந்து ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும், உக்காந்தா ஃபோகஸ். அவ்ளோதான் விஷயம், மோட்டார் கெடையாது, எல்லாம் லென்ஸோட பின்பக்க வளையம் ஒரு உருளையத் தள்றதுல நடக்குது. அந்த ஜன்னல்ல எல்லாமே எப்பவும் தெளிவாத் தெரியும், எது ஃபோகஸ்ல இருக்குன்னு காட்டாது, படத்தோட எல்லைய மட்டும் கோடு போட்டுக் காட்டும், கோட்டுக்கு வெளிய இருக்கறதும் தெரியும். இந்தக் கடைசி விஷயம்தான் என்னை ஆறு வருஷம் பிடிச்சு வச்சிருந்தது.

ஒரு தடவ மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல, காலைல ஏழு மணி வெயில், ஒரு அம்மா மல்லிப்பூவ ரெண்டு கையால அள்ளி அள்ளிக் கொட்டிட்டு இருந்தாங்க. நான் 35 எம்எம் லென்ஸோட வாயச் சின்னதாக்கி எஃப் 8ல, மூணு மீட்டர்ல முன்கூட்டியே வச்சிட்டேன், அப்படி வச்சா ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியில இருந்து ஏழு மீட்டர் வரைக்கும் தெளிவா விழும், ஃபோகஸப் பத்தி அப்புறம் யோசிக்கவே வேண்டாம். கோட்டுக்கு வெளிய வலது பக்கத்துல தலையில மூட்டையோட ஒரு பையன் வர்றது தெரிஞ்சுது. அவன் கோட்டத் தாண்டி உள்ள வர்ற வரைக்கும் காத்திருந்தேன், அந்த அம்மா கை மேல போச்சு, அவன் கால் உள்ள வந்துது, அமுக்கினேன். லென்ஸ் வழியா பாக்கற கேமராவா இருந்திருந்தா அவன் உள்ள வந்தப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கும், ஃபோகஸ் வேற அவன் முகத்துக்குத் தாவியிருக்கலாம். நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: ரேஞ்ச்ஃபைண்டர்ல முடிவ நீங்க முன்னாடியே எடுத்துடறீங்க, எங்க நிக்கறது, எவ்ளோ தூரம், எது உள்ள வரணும்னு. கொஞ்ச நாள்ல தூரம் உடம்புக்கே பழகிடும், ஒன்றரை மீட்டர்னா எனக்கு இன்னும் கால்ல தெரியும்.

ஆனா அதே கேமராவால நான் இழந்ததும் உண்டு, அதச் சொல்லாம விட்டா உங்களுக்கு நான் நல்லது செய்யல. எங்க அக்கா பொண்ணு கல்யாணம், மேடையில பக்கத்துலயே நின்னேன், 50 எம்எம், வெளிச்சம் கம்மின்னு லென்ஸோட வாயப் பெருசாத் தொறந்து எஃப் 1.4, ஒரு மீட்டர். அந்த தூரத்துல தெளிவா விழற ஆழம் மூணு சென்டிமீட்டர் சொச்சம்தான். தாலி கட்டற நேரத்துல பொண்ணு தலைய முன்னாடி குனிஞ்சா, எல்லாப் பொண்ணும் குனியும்தானே, என் ஃபோகஸ் மாலையில நின்னுபோச்சு. முகம் எல்லாப் படத்துலயும் பஞ்சு மாதிரி. கண்ணத் தொடர்ந்து போற ஒரு சாதாரண ஆட்டோஃபோகஸ் கேமரா அத சுலபமா எடுத்திருக்கும், அப்படி ஒண்ணு மாடி ரூம்ல என் பையிலயே கெடந்துது. அக்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, ஆனா அந்த ஆல்பத்துல அந்தப் பக்கத்த அவங்க சட்டுனு திருப்பறத நான் பாத்திருக்கேன்.

அதனாலதான் உங்க பொண்ணோட மேடைக்கு நான் இவ்ளோ கறாரா சொல்றேன். லைக்கா எம்ல கோடு இருக்கறது 135 எம்எம் வரைக்கும்தான், அந்தக் கோடும் ஜன்னல் நடுவுல தீப்பெட்டி மாதிரி தெரியும். 200 எம்எம் கெடையாது. தில்லானாவுல அவ ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்குப் போறப்ப ரெட்டை உருவத்த ஒண்ணு சேத்து முடிக்கறதுக்குள்ள அவ அங்க இருக்க மாட்டா. கீழ இருட்டுல மூணாவது வரிசையில உக்காந்து 70-200ஐ 2.8ல வச்சு, ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ 3200 இல்ல 6400, கண் ஃபோகஸ் ஆன், அதுக்குன்னே செஞ்ச கருவி உங்க கையில இருக்கு. அங்க கேமரா கண்ணக் கண்டுபிடிக்கறதுல உங்க பங்கு கொறையல. எந்த அடவுல நிறுத்தி அமுக்கணும்னு தெரிஞ்சது அவ வீட்ல பழகறதப் பாத்த உங்களுக்குத்தான், வாடகைக்கு வர்ற போட்டோகிராஃபருக்கு அது தெரியாது.

கார்ட்டியே பிரெஸ்ஸோனக் கேட்டீங்க. ரமணர் மறைஞ்ச 1950 ஏப்ரல் 14 ராத்திரி அவர் திருவண்ணாமலையிலதான் இருந்தார், அதே மாசக் கடைசியில பாண்டிச்சேரி போய் அரவிந்தரையும் எடுத்தார். ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரங்க கையில இருந்தது ஸ்பீட் கிராஃபிக், ஒரு ஹோல்டருக்கு ரெண்டு ஷீட் ஃபிலிம், இல்லைன்னா ரோலிஃப்ளெக்ஸ், ரோலுக்கு 12 படம். லைக்காவுல 36 படம், கூடவே 1932லயே லென்ஸோட இணைஞ்ச ரேஞ்ச்ஃபைண்டர். அதாவது அவர் எடுத்துக்கிட்டது அன்னிக்குக் கெடைச்சதுல ரொம்ப வேகமான கருவி. மெதுவா இருக்கறதுக்காக அவர் அத எடுக்கல. லைக்காவுல, நீங்க வாங்க நெனைக்கிற மாதிரி ஃபோகஸும் ஃப்ரேமும் ஒரே ஓட்டையில பாக்கற கேமராவே 1954ல எம்3 வந்தப்புறம்தான், அதுக்கு முன்னாடி ஃபோகஸ் பாக்க ஒரு ஓட்டை, ஃப்ரேம் பாக்க இன்னொரு ஓட்டை. 1985ல மினோல்டா 7000 வந்து பாடிக்குள்ளயே ஆட்டோஃபோகஸ் வச்சப்புறம் வேகம் அந்தப் பக்கம் போயிடுச்சு. இன்னிக்கு ரேஞ்ச்ஃபைண்டர் எடுக்கறவங்க வேகத்துக்காக எடுக்கறதில்ல, பாக்கற முறைக்காக எடுக்கறாங்க, அது நல்ல காரணம்தான், ஆனா வேற காரணம்.

கண்ணப் பத்தி. வெள்ளெழுத்துக்கு ரொம்பக் கவலைப்படாதீங்க, அந்த ஜன்னல்ல தெரியற உருவம் ரெண்டு மீட்டர் தூரத்துல இருக்கற மாதிரிதான் கண்ணுக்கு விழும், பேப்பர் படிக்கிற தூரம் இல்ல. ஆனா ஜன்னல் பவர் மாத்த முடியாது, மைனஸ் 0.5ல நிலையா இருக்கும், வேணும்னா திருகி மாட்டற லென்ஸ் தனியா வாங்கணும். உங்களுக்கு ஆஸ்டிக்மாடிசம் (சிலிண்டர் பவர்) இருந்தா கண்ணாடியோடதான் பாக்கணும், கண்ணாடியோட பாத்தா 28 எம்எம் கோடு ஓரத்துல மறையும், 35 சமாளிக்கலாம். இதெல்லாம் கடையில அஞ்சு நிமிஷம் கண்ண வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும், இதப் பாக்காம யாரும் லட்சக்கணக்குல காசு போட வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? 24-70ஐ மட்டும் வித்துடுங்க. அந்தக் காசுல லைக்கா எம் கேமராவுல மாட்டற ஒரு சின்ன 35 எம்எம் லென்ஸ் வாங்குங்க, வாய்க்ட்லாண்டர் கலர் ஸ்கோப்பர் எஃப் 2.5 மாதிரி, 134 கிராம்தான், கூட ஒரு அடாப்டர். சோனியில மாட்டி எடுங்க. இந்த லென்ஸ்ல தூரம் எழுதியிருக்கும், விரல் வைக்க ஒரு சின்னக் கொண்டி இருக்கும், கொண்டி எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்தே எத்தன மீட்டர்னு சொல்லப் பழகிடுவீங்க. சோனியோட சொந்த லென்ஸ்ல பெரும்பாலும் இந்த அளவுகோல் இருக்காது, திருப்பினா மோட்டார்தான் நகரும், அதனாலதான் அத சொல்லல. படத்தோட மூலைகள் கொஞ்சம் குழையும், சென்சார் மேல இருக்கற கண்ணாடி சோனியில தடிமன் அதிகம், லைக்கா லென்ஸுக்கு அது ஒத்து வராது, எஃப் 8ல ஓரளவு சரியாகும், உங்க அப்பா முகம் மூலையில வரப்போறதில்ல. ஆறு மாசம் இப்படியே மார்க்கெட், காவிரிக் கரை, வீடுன்னு எடுங்க. அப்புறமும் அந்த ஜன்னல் வேணும்னு தோணுச்சுன்னா எம்240 பாடி மட்டும் தேடுங்க, லென்ஸ் ஏற்கெனவே உங்க கையில இருக்கும். தோணலைன்னா லென்ஸ வித்துடலாம், பெரிய நஷ்டம் வராது. ஒண்ணு மட்டும், எம் லென்ஸ் எல்லாம் பொதுவா 70 சென்டிமீட்டருக்கு உள்ள கிட்டப் போகாது, சாப்பாட்டு மேசையில எதிர்ல இருக்கற ஆள எடுக்கலாம், தட்டுல இருக்கறத எடுக்க முடியாது.

பாடி வாங்கப் போறப்ப வெல கம்மியா இருக்குன்னு எம்9 பக்கம் போகாதீங்க, அதோட சிசிடி சென்சார் மேல இருக்கற கண்ணாடி அரிச்சுப்போற குறை எல்லாருக்கும் தெரிஞ்சது, சென்சார் மாத்தினதுக்கு ரசீது இருந்தா மட்டும் யோசிங்க. அப்புறம் ரேஞ்ச்ஃபைண்டர் சரியா இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. என்னோடது ஒரு தடவ பஸ்ல மேல் தட்டுல இருந்து பையோட விழுந்துது, வெளிய ஒரு கீறல் இல்ல, உள்ள கண்ணாடி நகந்துபோச்சு, ரெண்டு வாரம் கழிச்சு ஃபிலிம் கழுவினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. உங்களுக்கு ஊர்லயே நல்ல வசதி இருக்கு. விக்கறவர தெப்பக்குளம் பக்கத்துல வரச் சொல்லாம நல்லாத் தள்ளி, பாலத்து மேல எங்கயாவது வரச் சொல்லுங்க, லென்ஸ இன்ஃபினிட்டில வச்சு மலைக்கோட்டை உச்சியப் பாருங்க, ரெட்டை உருவம் ரெண்டும் மேல கீழயும் பக்கவாட்டுலயும் விலகாம ஒண்ணா உக்காரணும். அப்புறம் ஒரு மீட்டர்ல பேப்பர் எழுத்துக்கு ஜன்னல் வழியா ஃபோகஸ் பண்ணிட்டு லைவ் வ்யூவுல, அதாவது பின்னாடி ஸ்க்ரீன்ல, பெருசாக்கிப் பாருங்க, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு. ஒத்துப்போகலைன்னா சரிபண்ற செலவ வெலையில கழிக்கச் சொல்லுங்க, மாட்டேன்னா கேமராவ அவர் கையிலயே குடுத்துட்டு வந்துடுங்க.