குடியிருப்பு வீதிகளில் வாகன வேகத்தைக் குறைக்கப் பொதுமக்களால் என்ன செய்ய முடியும்?

குடியிருப்பு வீதிகளுக்கு மணிக்கு 30 கிலோமீற்றர் என்ற எல்லையைக் கேட்டு வெளிநாடுகளில் பொதுமக்களே இயக்கம் நடத்துகிறார்களே, அது நம் ஊர் ஒழுங்கைகளுக்குச் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில், நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் பிரியும் ஒரு குறுக்கு வீதியில் குடியிருப்பவன் நான். அயலவர்களுடன் சேர்ந்து ஒன்றரை வருடம் இதற்காக அலைந்திருக்கிறேன். சரிவரும் என்பதே என் பதில். ஆனால் மகஜரிலிருந்து தொடங்கினால் சரிவராது.

எங்கள் வீதி நெடுங்காலம் கிரவல் வீதியாகவே கிடந்தது. மாரியில் முழங்காலளவு தண்ணீரும் கோடையில் கண்ணை மறைக்கும் புழுதியுமாக இருந்ததால், காபட் போட்டுத் தருமாறு நாங்களேதான் வருடக்கணக்காகக் கேட்டோம். போட்டு முடித்த அன்று வெடி கொளுத்தாததுதான் குறை. குண்டும் குழியும் இருந்தவரை எவராலும் அங்கே வேகமாக ஓட முடியவில்லை என்பதையும், எங்களைக் காத்துவந்தது அந்தக் குழிகள்தான் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. இரண்டு மாதம் போவதற்குள், பாடசாலை விட்டு வந்துகொண்டிருந்த ஒரு பிள்ளையின் சைக்கிளைச் சிறிய லொறி ஒன்று தட்டிவிட்டது. மணிக்கட்டு முறிந்ததோடு தப்பியது. சாரதி வேகமாக வந்தார் என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் எவ்வளவு வேகம், அது சட்டத்துக்கு மேலா கீழா என்று கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை. கட்டடங்கள் நிறைந்த பகுதிகளில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மணிக்கு 50, முச்சக்கர வண்டிக்கு 40 என்பதே நம் நாட்டின் பொது எல்லை. பன்னிரண்டு அடி அகலமும், இருபுறமும் மதிலும், மதிலைத் தாண்டியவுடன் வாசலும் உள்ள ஒரு வீதியில் 48இல் போகிறவர் சட்டப்படி குற்றவாளி அல்லர்.

ஐம்பதுக்கும் முப்பதுக்கும் உள்ள வித்தியாசம் இருபது அல்ல. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 50இல் வரும் வாகனம் 30இல் வரும் அதே வாகனத்தைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலுடன் மோதுகிறது. அதைவிட எங்கள் ஆட்களுக்கு விளங்கியது இன்னொரு கணக்கு. உலர்ந்த வீதியில், சாரதி சுதாரிக்க ஒரு விநாடி எடுத்தால், 30இல் வரும் கார் ஏறத்தாழ 13 மீற்றரில் முழுவதுமாக நின்றுவிடும். 50இல் வரும் காரோ அதே 13 மீற்றர் முடியும்போது பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்காது. கேற்றைத் திறந்துகொண்டு பந்துக்குப் பின்னால் ஓடும் பிள்ளைக்கு இந்தப் பதின்மூன்று மீற்றர்தான் கணக்கு.

பிரித்தானியாவில் இந்த இயக்கத்தைத் தொடங்கியது ஓர் அரசாங்கத் திணைக்களம் அல்ல. ஜெர்மனியின் ஹில்டன் நகரில் 30 கிலோமீற்றர் எல்லை இயல்பாக நடைமுறையில் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்த ரொட் கிங் என்பவர், 2007இல் வொறிங்டன் என்னும் ஊரில் ஆரம்பித்தார். மணிக்கு 20 மைல், அதாவது ஏறத்தாழ 32 கிலோமீற்றர், போதும் என்பதே கோரிக்கை. தெருவுக்குத் தெரு, சபைக்குச் சபை என்று அது பரவியது. ஸ்பெயின் 2021 மே மாதத்தில், ஒரு திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள நகர வீதிகளுக்கு நாடு முழுவதும் 30ஐ எல்லையாக்கியது. வேல்ஸ் 2023 செப்டெம்பர் 17 அன்று வீடுகள் நிறைந்த வீதிகளுக்கு 20 மைலைப் பொது எல்லையாக்கியபோது, அதை நீக்கும்படி நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட்டார்கள். இந்தக் கடைசிச் சம்பவத்தைத்தான் நான் அதிகம் யோசித்தேன். ஒரு தெரு தானாகக் கேட்டுப் பெறும் எல்லைக்கும் மேலிருந்து வந்து இறங்கும் எல்லைக்கும் கிடைக்கும் வரவேற்பு ஒன்றல்ல.

நாங்கள் செய்த முதல் பிழை, நூற்றுச் சொச்சம் கையொப்பங்களுடன் ஒரு மகஜரை எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்ததுதான். நான்கு மாதம் கழித்து, வீதி தங்களுடையது அல்ல என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துக்கும், ஒழுங்கைகளும் குறுக்கு வீதிகளும் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்கும் உரியவை. எனவே உங்கள் வீதி யாருக்குச் சொந்தம் என்பதை முதலில் கிராம அலுவலரிடமோ சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமோ கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மனம் கசந்தவர்கள் சிலர் இடையில் ஓர் இரவில் தாங்களாகவே கொங்கிரீட்டில் ஒரு மேடு கட்டிவிட்டார்கள். வெள்ளைக்கோடும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மூன்றாம் நாள் அதில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டவர், அதைக் கட்டியவர்களில் ஒருவரின் மைத்துனர். தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள்; 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்சும் அதன் மேல்தான் வர வேண்டும்.

பிறகுதான் அளக்கத் தொடங்கினோம். ஒரு மேசனிடம் அளவு நாடாவை இரவல் வாங்கி, இரண்டு மின்கம்பங்களுக்கு அருகே சரியாக 50 மீற்றர் இடைவெளியில் சுண்ணாம்பால் கோடு போட்டோம். அந்தத் தூரத்தை 6 விநாடியில் கடந்தால் 30, நாலரை விநாடியில் கடந்தால் 40, 3.6 விநாடியில் கடந்தால் 50. கைத்தொலைபேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரமே போதும். பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கும் ரியூஷன் முடியும் ஆறு மணிக்கும், ஒருவர் நேரம் சொல்ல மற்றவர் கொப்பியில் எழுதுவார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் வீட்டு வாசலில்தான் இருந்தோம், தேநீருக்கும் குறைவில்லை. வெளியூர் வான்களும் கடற்கரை விடுதிகளுக்குப் போகும் சுற்றுலா வாகனங்களும்தான் வேகமாக ஓடுகின்றன என்று எல்லோரும் நினைத்திருந்தோம். இரண்டு கிழமை முடிந்து கொப்பியைப் பார்த்தபோது, வேகமாகப் போனவர்களில் பெரும்பாலானோர் எங்கள் வீதிக்காரர்களே. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, உங்கட நம்பரும் இதில கிடக்கு" என்றார். என் மோட்டார் சைக்கிள், நாலரை விநாடி. எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அதன் பின்னர் பேச்சு மாறியது. கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனபோது, எதிர்த்தவர்கள் சொன்ன ஒரே காரணம் நேரம். எங்கள் வீதியின் நீளம் 600 மீற்றர். 50இல் போனால் 43 விநாடி, 30இல் போனால் 72. அரை நிமிடம்கூட இல்லை. கோயில் நிர்வாகத்தினர் திருவிழாவின்போது ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பின் சொன்னார்கள். சந்தியிலுள்ள சிங்களக் கடைக்காரர் அறிவித்தலைத் தன் மொழியில் எழுதித் தந்தார். 2022இல் பெற்றோல் இல்லாமற்போன மாதங்களில் இதே வீதியில் பிள்ளைகள் நடுவில் நின்று கிரிக்கெட் ஆடியதை நினைவூட்டினால் எவரும் மறுத்துப் பேசுவதில்லை. முற்றவெளிப் பக்கம் மான் குறுக்கே வந்தால் எல்லா வாகனமும் மரியாதையாக நின்று வழிவிடும் ஊர் இது; அந்த மரியாதை பிள்ளைகளுக்கும் கிடைத்தால் என்ன என்று ஒரு கூட்டத்தில் ஒரு தாய் கேட்டபோது சிரித்தவர்களும் பிறகு சிரிக்கவில்லை.

அளவுகளை அட்டவணையாக்கி, சரியான சபைக்கு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத்துடன் கொடுத்தோம். வெள்ளைக்கோட்டுடன் முறையான இரண்டு வேகத்தடைகள் கிடைத்தன. வேக எல்லைப் பலகை இன்னும் வரவில்லை. ஒவ்வொரு தவணை தொடங்கும்போதும் மறுபடி அளக்கிறோம். பகலில் பெரும்பாலானோர் இப்போது ஐந்தரை விநாடிக்குக் குறையாமல் போகிறார்கள். இரவு பத்துக்குப் பிறகு இரண்டு மோட்டார் சைக்கிள்கள் இன்றும் மூன்றரை விநாடிதான். அவற்றில் ஒன்று யாருடையது என்று ரீச்சருக்குத் தெரியும், அவருடைய பழைய மாணவன், வரும் ஞாயிறு பேசப்போகிறார்.