மூலைக்குத் தலைக்கல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் புது ஆலயத்துக்கு அஸ்திபாரக்கல் நாட்டினார்கள். அன்றைய பிரசங்கம் 118ஆம் சங்கீதம்: "வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே மூலைக்குத் தலைக்கல்லாயிற்று." வளைவின் உச்சியில் கடைசியாகச் செருகும் கல்லைத்தான் இது சொல்கிறது, அதை உருவினால் வளைவே விழுந்துவிடும் என்றார் போதகர். பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். அவர்களுடைய திருவிவிலியத்தில் "மூலைக்கல்" என்று மட்டும் இருக்கிறது. தலைக்கல் மேலே, மூலைக்கல் கீழே அல்லவா? எது சரி? ஆகாது என்று ஒதுக்கிய கல் எப்படி அந்த இடத்துக்கு வரும்? இயேசு தச்சர்தானே, அவர் ஏன் கல்வேலையைப் பற்றிப் பேசுகிறார்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வளைவை முதலில் விட்டுவிடலாம். எபிரெயத்தில் உள்ள சொல் "ரோஷ் பின்னா". ரோஷ் என்றால் தலை, பின்னா என்றால் மூலை. வளைவின் உச்சியில் மூலை கிடையாது. தவிர, வளைவில் எந்தக் கல்லை உருவினாலும் வளைவு விழும். உச்சிக்கல்லின் விசேஷம், கடைசியாக ஏறுவதுதான்.

தலை என்றால் உச்சி என்று நினைப்பதால்தான் குழப்பம். தலைமகன், தலைவாசல் என்கிறோமே, அங்கே தலை என்பது முதலாவது, முதன்மையானது. ரோஷ் என்ற சொல்லுக்கும் அந்தப் பொருள் உண்டு. ஆகவே தலைக்கல்லும் மூலைக்கல்லும் சண்டை போடவில்லை. வாசலுக்கு மேலே கடைசியாக வைக்கும் கல் என்று வாதிட்டவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் யோவாகிம் யெரெமியாஸ் அவர்களில் முக்கியமானவர். சகரியா 4:7இல் வரும் தலைக்கல் அப்படிப்பட்ட முடிவுக்கல்தான். ஆனால் ஏசாயா 28:16 மூலைக்கல்லை அஸ்திபாரத்தில் வைக்கிறது. அந்த வசனத்தையும் சங்கீதத்தையும் சேர்த்து மேற்கோள் காட்டும் பேதுரு, அதே கல்லை "இடறுதற்கேதுவான கல்" என்கிறார். உச்சியில் இருக்கும் கல்லில் யாரும் கால் இடற முடியாது. என் வாசிப்பில் இது கீழே, மூலையில், முதலில் வைக்கும் கல்.

மூலையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். லூக்கா 6:48 சொல்வதுபோல் ஆழமாய்த் தோண்டிப் பாறையைத் தொட வேண்டும், அதைச் சமதளமாகக் கொத்த வேண்டும். அதன்மேல் மூலைக்கல். மட்டம் பார்த்து, வெளியே தெரியும் இரண்டு முகங்களுக்கும் தூக்குநூல் விட்டு, மூலை சரியான செங்கோணமா என்று மூலைமட்டம் சரிபார்ப்பார்கள். ஒரு பக்கம் 3 முழம், மறுபக்கம் 4 முழம் குறித்தால், குறுக்கே சரியாக 5 முழம் வர வேண்டும். மூலைகள் இரண்டு மூன்று வரி எழும்பிய பிறகு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நூல் கட்டி நடுச்சுவரை நிரப்புவார்கள். மற்ற கற்களெல்லாம் நூலைப் பார்த்து உட்காருகின்றன. நூல் மூலைக்கல்லைப் பார்த்துக் கட்டப்படுகிறது. யோபு 38இல் "நூல்போட்டவர் யார்" என்ற கேள்விக்கு அடுத்த வசனத்திலேயே "கோடிக்கல்லை வைத்தவர் யார்" என்று வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். வேலை தெரிந்தவர்களின் பேச்சு அது.

மூலைக்கல்லின் 1 மீட்டர் முகத்தில் 1 சென்டிமீட்டர் கோணல் இருந்தால், 20 மீட்டர் சுவரின் கடைசியில் அது 20 சென்டிமீட்டர். மேலே உத்தரம் போடும்போதுதான் கண்ணில் படும். அப்போது சாந்தைத் தடிப்பாக வைத்து மறைக்கப் பார்ப்பார்கள். எசேக்கியேல் 13 திட்டுகிற "சாரமற்ற சாந்து" இந்த மாதிரிப் பூச்சைத்தான் நினைவுபடுத்துகிறது.

அடுத்து, தள்ளின கல். கொத்தன் ஒரு கல்லை ஒதுக்குவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். சுத்தியலால் தட்டும்போது கணீர் என்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறலோ களிமண் ஓட்டமோ இருக்கும். யூதேயாவில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லுக்குப் படிவடுக்கு உண்டு. அடுக்கு கிடையாக இல்லாமல் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் முகம் செதில் செதிலாக உதிரும். கீறல் உள்ள கல் எங்கேயும் உதவாது; அடுக்குக் கல்லையும் கிடையாகத் திருப்பி வைக்க முடியாவிட்டால் ஒதுக்க வேண்டியதுதான். மூன்றாவது வேறு மாதிரி: கல் நல்லது, ஆனால் அந்த வரியின் அளவுக்கு மிஞ்சியது. நடுச்சுவரில் வைத்தால் துருத்தும். சுவர்க்கல்லுக்கு ஒரு முகம் செதுக்கினால் போதும், இதுவோ இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கும். மூலைக்குத் தேவை அதே கல்தான். சங்கீதம் காரணத்தைச் சொல்லவில்லை. ஆனாலும் "ஆகாது" என்ற தீர்ப்பு கல்லின் குறையால் வரவில்லை, எந்த இடத்துக்கு என்று தெரியாததால் வந்தது என்றே நான் படிக்கிறேன்.

எருசலேமில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஏரோது ராஜா கட்டத் தொடங்கிய ஆலய மேடையின் தென்மேற்கு மூலையில் 12 மீட்டர் வரை நீளமுள்ள கற்கள், சாந்தே இல்லாமல், ஒரு வரியில் தெற்கு நோக்கியும் அடுத்த வரியில் மேற்கு நோக்கியும் மாறிமாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வரியும் கீழ்வரியைவிட 2, 3 சென்டிமீட்டர் உள்வாங்கியது. மாற்கு 12இல் இயேசு இந்த சங்கீத வசனத்தை எடுத்துச் சொன்னது அந்த ஆலய வளாகத்தில். 13ஆம் அதிகாரம் தொடங்கும்போதே ஒரு சீஷர் "இந்தக் கல்லுகள் எப்படிப்பட்டது" என்று வியக்கிறார். எபேசியர் 2:21இல் "இசைவாய் இணைக்கப்பட்டு" என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல்லுக்குள் இணைப்பு, பொருத்து என்று பொருள்படும் "ஹர்மோஸ்" இருக்கிறது. சாந்தில்லாத சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள அந்தப் பொருத்துதான் எல்லாம்.

தச்சர் கேள்விக்குச் சுருக்கமாக: மாற்கு 6:3இல் உள்ள சொல் "டெக்டோன்". முதன்மையாக மரவேலைக்காரர், ஆனால் கட்டட வேலை செய்யும் கைவினைஞருக்கும் பொருந்தும். 1 கொரிந்தியர் 3:10இல் பவுல் தன்னை "அர்க்கிடெக்டோன்" என்கிறார். நம் வேதாகமம் அதை அழகாக "சிற்பாசாரி" என்று தந்திருக்கிறது. கல்வீட்டுக்கும் உத்தரமும் கதவும் மரத்தில்தான். தச்சருக்கும் கொத்தருக்கும் வேலைத்தளம் ஒன்றே.

உங்கள் சபையில் நாட்டியது பெயர் பொறித்த பளிங்குப் பலகையாக இருக்கும். அது பாரம் தாங்காது, நூலும் அதிலிருந்து கட்ட மாட்டார்கள். கொத்தனார் மூலை எழுப்பும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, காலையிலேயே போய் நில்லுங்கள். 3, 4, 5 அளந்து ஆணி அடிப்பார்கள், பிறகு நூல் இழுப்பார்கள். அந்த அரைமணி நேரத்தைப் பார்த்துவிட்டு சங்கீதத்தை மறுபடி வாசித்து, எனக்கு எழுதுங்கள்.