ஆளுக்கு மூன்று பரிசு போதுமா?

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்பது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு பரிசு சேர்ந்து, ஒரே வாரத்தில் மூலைக்குப் போய்விடுகின்றன. இந்த முறை குறைத்தால் ஏங்கிப்போவார்களா?

பதில்: மாட்டார்கள், சகோதரி. மத்தேயு நற்செய்தியில் ஞானிகள் பாலன் இயேசுவுக்குக் கொண்டுவந்தவை பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என மூன்றுதான். எங்கள் வீட்டிலும் அதே கணக்கு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்தார்கள். 16 பொம்மைகள் இருந்தபோதைவிட 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், விதவிதமாக விளையாடினார்களாம்.

என் மகனுக்கு எட்டு வயதில் ஒரு பூதக்கண்ணாடி கொடுத்தேன். எறும்பின் கால், உப்புக்கல், தாத்தாவின் கைரேகை என எதையும் விட்டுவைக்கவில்லை. கூடவே வந்த ரிமோட் கார் என்னவானதோ, எனக்கு நினைவே இல்லை!

பிள்ளைகள் எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று இப்போதே குறித்துவையுங்கள். ஒருநாள் ஆசையை விட்டுவிடலாம். சித்தப்பா, அத்தை எல்லோரிடமும் நவம்பரிலேயே பேசிவிடுங்கள். தனித்தனியாக வாங்காமல், சேர்ந்து ஒரு சைக்கிள் வாங்கித் தரட்டும்.