ஐந்தாவது சில்லுக்குத் தேசிக்காய் வைப்பது யார்?

கோண்டாவில் வாசகர் ஒருவரின் கேள்வி: "வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணாவைக் கூட்டிவரக் கட்டுநாயக்காவுக்குப் போனோம். கனகராயன்குளம் தாண்டியதும் பின் சில்லு பஞ்சர். இரவு பதினொரு மணி. ஸ்பெயார் சில்லை மாட்டி ஜக்கை இறக்கினால், அதுவும் சப்பையாகக் குந்திவிட்டது. 5000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை தவறாமல் சேர்விஸ் செய்கிற கார் இது. ஸ்பெயாரின் காற்றை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? மறக்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா?"

புதுக் கார் எடுத்தால் நான்கு சில்லுக்கும் நான்கு தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தான் படலையைத் தாண்டுகிறோம். தெற்கே போனால் முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறுகிறோம். அந்தப் பத்து நிமிடத்தில் டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்த ஒருவரை நான் இன்னும் காணவில்லை. அதனால் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

ஓடாத ரயரில் காற்று எப்படிக் குறையும் என்று பலர் கேட்பார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் றப்பரின் ஊடாகக் காற்று கசிந்துகொண்டுதான் இருக்கும். மாதத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கிற அலகு) வரை போவது சாதாரணம். மற்ற நான்கும் ரயர் கடையிலும் பெற்றோல் செட்டிலும் அவ்வப்போது காற்றைப் பெற்றுவிடுகின்றன. டிக்கிக்குள் கிடப்பது வாங்கிய நாளிலிருந்து இழந்துகொண்டே இருக்கிறது. அதிலும் பாரம் ஏறாத ரயர் சப்பை என்று கண்ணுக்குத் தெரியாது. விரலால் அமத்திப் பார்ப்பதும் வீண். 60 இருக்க வேண்டிய ரயர் 25இல் இருந்தாலும் விரலுக்குக் கல்லு மாதிரித்தான் இருக்கும். காற்றழுத்தம் அளக்கிற கேஜ் வைத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். டாஷ்போட்டில் காற்றுக் குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கையும் நம்ப வேண்டாம். பெரும்பாலான கார்களில் அது ஓடுகிற நான்கை மட்டுமே கவனிக்கும்.

எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதில்தான் இங்கே நிறையக் குழப்பம். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். யப்பானிலிருந்து நேரே வந்த கார் என்றால் அது யப்பானிய எழுத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம், எண்களை மட்டும் பாருங்கள். 230 என்று இருந்தால் அது கிலோபாஸ்கல், ஏறத்தாழ 33 பிஎஸ்ஐ. பக்கத்திலேயே 2.3 என்றும் போட்டிருக்கும், அதுவும் அதே அளவுதான். அந்தப் பட்டியலில் தனியே 420 என்று ஒன்று நின்றால், அது டிக்கிக்குள் இருக்கிற மெலிந்த தற்காலிகச் சில்லுக்கானது: 60 பிஎஸ்ஐ. ரயரின் பக்கச் சுவரிலும் இதைக் காணலாம். அளவு T என்ற எழுத்தில் தொடங்கினால் அது தற்காலிக வகை. காற்றடிக்கிற பொடியன் பழக்கதோஷத்தில் அதற்கும் 32 அடித்துவிட்டு மூடிவிடுவான். கிட்டத்தட்டப் பாதிக் காற்று! "தம்பி, உதுக்கு 60 அடியும்" என்று பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். அதை மாட்டினால் 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகவும் கூடாது.

ஸ்பெயாரும் மற்ற நான்கைப் போல முழு அளவு என்றால் வேலை சுலபம். ஸ்ரிக்கரில் உள்ள அளவைவிட 4, 5 பிஎஸ்ஐ கூட்டி அடித்து வைத்துவிடுங்கள்; பக்கச் சுவரில் போட்டிருக்கிற உச்ச அளவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். மாட்டுகிற நேரம் கூடினதை இறக்கி விடலாம். கனகராயன்குளத்தில் இரவு பதினொரு மணிக்குக் காற்றை இறக்க ஒரு திறப்பின் நுனி போதும். ஏற்றுவதற்கு என்ன செய்வது? வீட்டுச் சைக்கிள் பம்மும் உதவாது, நம் ஊர்ச் சைக்கிள் வால்வு வேறு, கார் வால்வு வேறு. சிகரெட் லைற்றர் ஓட்டையில் செருகுகிற சின்னக் கொம்பிரசர் ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டு வைப்பது நல்ல முதலீடு என்பேன்.

சரி, மறதிக்கு வருவோம். கைத்தொலைபேசியில் அலாரம் வைக்கலாம் என்பார்கள். நானும் வைத்துப் பார்த்தேன். அது அடிக்கிற நேரம் நான் கலியாண வீட்டுப் பந்தியில் இருப்பேன், நிற்பாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைவேன். நினைவூட்டுகிற நாளிலேயே காருக்குப் பக்கத்தில் நிற்கவும் வேண்டும், நேரமும் இருக்க வேண்டும். மாதாமாதம் அப்படி ஒரு நாளை அரசாங்கமே நமக்குத் தருகிறது: பூரணை நாளான போயா. விடுமுறை, கார் வீட்டில் நிற்கும். காலையில் வெயில் ஏற முன்னம், ரயர் குளிர்ந்திருக்கும்போது, நான்கையும் பார்க்கிற கையோடு ஐந்தாவதையும் பாருங்கள். மாதாமாதம் டிக்கியைக் கிளறப் பஞ்சியாக இருந்தால் மூன்று போயாவுக்கு ஒருமுறையாவது பாருங்கள். அதோடு, வவுனியாவைத் தாண்டுகிற எந்தப் பயணத்துக்கும் முதல் நாள் ஒரு தடவை, பெட்டிகளை ஏற்ற முன்னம். ஏற்றிய பிறகு யாரும் இறக்கிப் பார்க்க மாட்டார்கள், நான் உட்பட.

டிக்கி மூடியின் உட்பக்கத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டி, பார்த்த திகதியையும் அளவையும் பேனையால் எழுதி வையுங்கள். என் காரில் இப்போது தை 60, சித்திரை 57, ஆடி 49 என்று இருக்கிறது. கடைசி எண்ணைப் பாருங்கள்: மூன்று மாதத்தில் 8 போயிருக்கிறது. வால்வில் சவர்க்கார நுரை வைத்ததும் மெல்லக் குமிழி வந்தது. வால்வு ஊசியை மாற்றினேன், வேலை முடிந்தது. எழுதி வைத்திருக்காவிட்டால் 49 என்பது வெறும் 49தான்.

உங்கள் சேர்விஸ் பற்றியும் சொல்ல வேண்டும். சேர்விஸ் தாளில் 'ஸ்பெயார்' என்ற வரிக்கு நேரே ஒரு சரி அடையாளம் இருந்திருக்கும். அந்தச் சரி யாரும் எதையும் பார்க்காமலே விழக்கூடியது. அடுத்த முறை சரி போட வேண்டாம், கேஜ் காட்டின எண்ணை எழுதுங்கள் என்று கேளுங்கள். எண் எழுத வேண்டுமென்றால் கம்பளத்தைத் தூக்கி, கருவிகள் வைக்கிற நுரைத் தட்டையும் எடுத்தே ஆகவேண்டும்.

வான் வைத்திருப்பவர்கள் கவனிக்க: உங்கள் ஸ்பெயார் அடியில் சங்கிலியில் தொங்குகிறது. பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் நாளாந்தம் ஓடுகிற வானில் உப்புக் காற்று அந்தச் சங்கிலியைத் துருவேற்றிப் பூட்டிவிடும். காற்றுச் சரியாக இருந்தும் சில்லு கீழே இறங்காமல் கடைசியில் அரிந்தெடுத்த வான் ஒன்றைக் கண்டிருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை இறக்கி ஏற்றி, கிறீஸ் பூசுங்கள்.

ஸ்பெயாரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1416 என்றால் 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே நம் வீதிகளில் ஓடுகிற கார்களில் கிடக்கிற ஸ்பெயார்களில் அநேகம் பழசு. ஒருநாளும் ஓடாதது என்பதற்காக அது புதிதாகிவிடாது. பத்து வருடம் கடந்தால், பூ அழியாமல் பளபளத்தாலும் கழித்துவிடுவதுதான் நல்லது.

கடைசியாக ஒன்று. அன்று அந்தச் சப்பை ஸ்பெயாரோடு உதவி கிடைக்கிற இடம் வரை காரை ஊர்ந்தாவது ஓட்டியிருந்தால், வெறுமனே காற்றடித்துத் திரும்ப உள்ளே போட்டுவிடாதீர்கள். ரயர் கடையில் ரிம்மிலிருந்து கழற்றி உட்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கறுப்புத் தூளோ, பக்கச் சுவரைச் சுற்றி மடிந்த கோடோ தெரிந்தால் அந்த ரயர் முடிந்தது.