மேசைப் படைக்கு எத்தனை தலை?

சென்ற மாதம் மினியேச்சர் போர் விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஓர் அங்குல உயரப் பொம்மை வீரர்களுக்கு நிறம் பூசி, மேசையில் நிறுத்தி, அளவு நாடாவும் தாயக்கட்டையும் கொண்டு சண்டை பிடிக்கும் விளையாட்டு அது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: படை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இந்தமுறை பக்கம் முழுவதும் அதற்கே.

கே: நானும் இரண்டு சிநேகிதர்களும் வார்ஹாமர் 40,000 தொடங்கியிருக்கிறோம். 2000 புள்ளிக்குக் குறைந்தால் அது ஆட்டமே இல்லை என்கிறான் ஒருவன். அவ்வளவுக்கும் காசு சேரும்வரை காத்திருக்கவா?
— உயர்தர மாணவன், வெள்ளவத்தை

காத்திருக்க வேண்டாம் தம்பி. இந்த ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் இத்தனை புள்ளி என்று ஒரு மதிப்பு உண்டு, அதைக் கூட்டித்தான் படை சேர்ப்பார்கள். உம்முடைய சிநேகிதன் சொல்லும் 2000 அவன் கற்பனையில் வந்த எண் அல்ல. 2023 இல் வெளியான பத்தாம் பதிப்பில் ‘ஸ்ட்ரைக் ஃபோர்ஸ்’ என்று பெயரிட்ட அளவு அது. பெரிய போட்டிகள் அதில்தான் நடக்கின்றன. ஆனால் அதே விதிநூல் அந்த ஆட்டத்துக்கு 44 க்கு 60 அங்குல மேசையும் மூன்று மணித்தியாலமும் கேட்கிறது என்பதை அவன் சொல்லியிருக்க மாட்டான். அந்த மூன்று மணித்தியாலமும் விதி தெரிந்தவர்களுக்கு. புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஆடுகிறவர்கள் காலை பத்து மணிக்குத் தொடங்கினால், பின்னேரத் தேத்தண்ணி வரும்போது ஐந்து சுற்றில் மூன்றாவதில் நிற்பீர்கள்.

மேசையையும் பாரும். நானும் வெள்ளவத்தைதான், நம் தொடர்மாடிகளில் உள்ள ஆறு பேர் சாப்பாட்டு மேசைக்கு அகலம் மூன்றடி. 44 அங்குலம் அதில் அடங்காது. மேலே பிளைவூட் பலகை போடலாம், ஆனால் கடைக்குப் போகுமுன் லிஃப்ட் கதவை அளந்துகொள்ளும்.

ஆளுக்கொரு ‘கொம்பாட் பட்ரோல்’ பெட்டி வாங்கி ஆடத் தொடங்குங்கள். பெட்டியில் இருப்பதுதான் படை, புள்ளி கூட்டிக் கழிக்கும் வேலை இல்லை. 44 க்கு 30 அங்குலம் போதும், ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்று. புள்ளி என்பது விலைப்பட்டியல், படையின் அளவு அல்ல. 2000 புள்ளிக்குக் கூட்டமாகப் பாயும் ஓர்க் படை எடுத்தால் பொம்மை நூறைத் தாண்டலாம். ராட்சத இயந்திரங்களான இம்பீரியல் நைட்ஸ் எடுத்தால் பத்துக்குள் முடியும். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் நான், எண்ணுவது கைப்பழக்கம். இங்கே நான் எண்ணுவது வேறொன்றை. உம்முடைய முறை வரும்போது தனித்தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டிய துண்டுகள் எத்தனை? பத்துப் பேர் சேர்ந்து நகரும் அணி ஒரு துண்டு. ஒரு டாங்கி ஒரு துண்டு. எட்டிலிருந்து பன்னிரண்டு துண்டு வரை ஆட்டம் ருசிக்கும். அதற்குக் கீழே போனால் ஒரேயொரு கெட்ட தாயம் கதையை முடித்துவிடும். மேலே போனால் மூலையில் நிற்கும் அணியை நீரே மறந்துவிடுவீர். விதி எழுதியவர்கள் என்னைக் கேட்டுச் செய்யவில்லை, ஆனாலும் வேறு மேசை ஆட்டங்களிலும் எண் இதை ஒட்டியே வருகிறது: ஃப்ரோஸ்ட்கிரேவில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர், பிளட் போலில் மைதானத்தில் பதினொருவர், டி.பி.ஏ.யில் பன்னிரண்டு துண்டுகள்.

கே: நானும் மச்சானும் 1000 புள்ளியில் ஆடினால் கடைசிவரை இழுபறி. அதே படைகளை 2000 ஆக்கி ஆடினால் முதல் முறை யாருக்குக் கிடைக்கிறதோ அவர் வெல்கிறார். எங்கள் அதிர்ஷ்டமா, விதியில் கோளாறா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

இரண்டும் இல்லை. படை இரண்டு மடங்கானது, மேசை அப்படியே இருக்கிறது. பிரச்சினை அங்கேதான்.

ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேய மோட்டார் பொறியியலாளர் 1916 இல், விமானச் சண்டைகளை மனதில் வைத்து ஒரு கணக்கைப் புத்தகமாக்கினார். குறிபார்த்துச் சுடும் சண்டையில் ஒரு படையின் பலம் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அல்ல, அந்த எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்றார். உங்கள் மேசையில் வைத்துப் பார்ப்போம். பத்துக்குப் பத்து நிற்கிறீர்கள். மச்சான் முதலில் சுட்டு, நீங்கள் வாய் திறக்குமுன்னே உங்கள் மூன்று துண்டுகளை எடுத்துவிட்டார். வர்க்கக் கணக்கில் இப்போது அவர் பக்கம் 100, உங்கள் பக்கம் 49. வித்தியாசம் 51, அதன் வர்க்கமூலம் ஏழுக்குச் சற்று மேலே. அதாவது இதற்குப் பிறகு இருவரும் சமமாகச் சுட்டுக்கொண்டே போனாலும், உங்கள் கடைசி ஆள் விழும்போது அவரிடம் ஏழு துண்டு மிஞ்சும். மூன்று போனதற்கு ஏழு வட்டி! செட்டியார் தெருவில் நகை அடகு வைத்தாலும் இப்படி வராது.

1000 புள்ளியில் இது ஏன் நடக்கவில்லை? அங்கே பாதித் துப்பாக்கிகளுக்கு எதிரில் ஆள் தெரியவில்லை. மேசையில் ஒதுங்க இடம் இருந்தது. முதல் சுற்று நகர்வதிலேயே போனது. 2000 ஆனதும் தொடங்கும் கோட்டில் ஒதுங்க இடமில்லாமல் நெருக்கியடித்து நிற்கிறீர்கள், ஒவ்வொரு பீரங்கிக்கும் முன்னால் ஓர் இலக்கு.

படையைக் கூட்டும்போது மறைப்புகளையும் கூட்டுங்கள். டீவி, ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் வரும் ரெஜிஃபோமை வெட்டி, மேலே மணலும் பசையும் பூசினால் இடிந்த கட்டடம் தயார். (ஸ்ப்ரே பெயின்டை நேரடியாக அடிக்க வேண்டாம், ரெஜிஃபோம் கரைந்துபோகும்.) உங்கள் தொடக்க வரிசையிலிருந்து பார்த்தால் மச்சானின் தொடக்க வரிசை நேராகத் தெரியவே கூடாது. அதுதான் சோதனை.

இல்லையென்றால் முழுப் படையும் ஒரே மூச்சில் சுடாத விதிக்கு மாறுங்கள். 2012 இல் வந்த போல்ட் ஆக்‌ஷனில் ஓர் அணிக்கு ஒரு கட்டளைத் தாயம் என்று இரு பக்கத்துத் தாயங்களையும் ஒரே பைக்குள் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். கையில் வரும் நிறத்துக்காரர் ஓர் அணியை மட்டும் இயக்கலாம். முதல் முறை என்ற பேச்சே அங்கே இல்லை.

கே: மகன் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறான். அறை முழுக்க ஒட்டாத பிளாஸ்டிக் துண்டுகள். “இன்னும் ஒரேயொரு பெட்டி அம்மா” என்கிறான். இது எத்தனையோடு நிற்கும்?
— ஒரு தாய், தெஹிவளை

தானாக நிற்காது அம்மா, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். நிறம் பூசாத பொம்மை இருக்கும்வரை புதுப் பெட்டி வீட்டுக்குள் வராது என்று ஒரு சட்டம் போடுங்கள். என் மனைவி போட்ட சட்டம் அது. இன்றுவரை அமுலில் இருக்கிறது.

மகனுக்கு ஃப்ரோஸ்ட்கிரேவைக் காட்டுங்கள். ஒரு மந்திரவாதி, ஒரு சீடன், கூட எட்டுப் பேர் வரை, படை அவ்வளவுதான். மூன்றடிச் சதுர மேசை போதும். எந்தக் கம்பனிப் பொம்மையையும் வைத்து ஆடலாம், ஆகவே அறையில் கிடக்கும் துண்டுகளிலேயே பத்துப் பேர் தேறுவார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 க்கு ஏறியபோது எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் இந்த மாதிரிச் சின்ன ஆட்டங்களுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அந்த வருட மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த பிறகும் பலர் பெரிய ஆட்டங்களுக்குத் திரும்பிப் போகவில்லை.

கே: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் நான். சோழர் படையும் விஜயபாகுவின் படையும் மோதுவதை மேசையில் காண ஆசை. யானைகளும் ஆயிரக்கணக்கான காலாட்களும் வேண்டுமே! என் ஓய்வூதியத்தில் இது நடக்குமா?
— பம்பலப்பிட்டி வாசகர்

நடக்கும் ஐயா, பன்னிரண்டே துண்டுகளில்.

டி.பி.ஏ. என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் ‘டி பெல்லிஸ் அன்டிக்விடாடிஸ்’ விதி 1990 இல் இங்கிலாந்தில் வந்தது. பண்டைய, இடைக்காலப் படை எதுவாயினும் பன்னிரண்டு துண்டுதான். பதினைந்து மில்லிமீற்றர் அளவுப் பொம்மைகளுக்கு ஒரு துண்டின் அகலம் 40 மில்லிமீற்றர். அதில் இரண்டு முதல் நான்கு காலாட்களை ஒட்டுவார்கள், யானை என்றால் ஒன்று. ஆகப் படை முழுவதும் நாற்பது பொம்மையைச் சுற்றித்தான் வரும். ஆனால் அந்த நான்கு பேர் நான்கு பேர் அல்ல, பல நூறு பேரைக் குறிக்கிறார்கள். பன்னிரண்டையும் தோளோடு தோள் நிறுத்தினால் 48 சென்ரிமீற்றர். மேசையோ 60 சென்ரிமீற்றர்ச் சதுரம். ஒரு கரையிலிருந்து மறுகரைவரை நீளும் போர்முனை கண்ணுக்குத் தெரியும். நூறு பெரிய பொம்மைகளைப் பரப்பினாலும் அந்தத் தோற்றம் வருவதில்லை.

என்னை இந்த விதியிடம் கட்டிப்போட்டது இன்னொரு விஷயம். உங்கள் முறையில் ஒரு தாயம் உருட்டுவீர்கள். விழுந்த எண்ணே அந்த முறைக்கான கட்டளைகளின் எண்ணிக்கை. வரிசை குலையாமல் நிற்கும் அணிகளை ஒரே கட்டளையில் நகர்த்தலாம், சிதறிவிட்டால் துண்டுக்கு ஒன்று தேவை. சண்டை தொடங்கும்போது ராஜா மாதிரி முழுப் படையையும் நகர்த்துகிறவர், அரை மணித்தியாலத்தில் ஒன்று விழுந்து, வலப்பக்க யானையா இடப்பக்க வில்லாளிகளா என்று தலையைச் சொறிவார். அந்தக் காலத்துத் தளபதி பட்ட பாடு இதுவாகத்தான் இருந்திருக்கும். பெரிய படை வைத்திருப்பதற்கும் அதை ஆளுவதற்கும் உள்ள தூரத்தை இவ்வளவு சுலபமாகக் காட்டிய விதியை வேறெங்கும் நான் காணவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் ஆட்டமும் முடிந்துவிடும்.

இதன் படைப்பட்டியல்களில் தமிழருக்கும் சிங்களவருக்கும் சேர்த்து ஒரே பட்டியல். படித்ததும் சிரித்துவிட்டேன். 993 இல் அநுராதபுரத்தைப் பிடித்த ராஜராஜனின் ஆட்களையும், 1070 இல் சோழரைப் பொலன்னறுவையிலிருந்து துரத்திய முதலாம் விஜயபாகுவின் ஆட்களையும் நிறத்தால்தான் பிரித்தறிய வேண்டும். உங்களுக்கு அது லாபம்: ஒரே பொம்மைகளில் இரண்டு படை எடுக்கலாம்.

மேசைக்கும் செலவில்லை. வீட்டில் கரம் போர்ட் இருக்குமே? உள்சதுரம் 29 அங்குலம், அதாவது 74 சென்ரிமீற்றர். புறக்கோட்டையில் இரண்டடிப் பச்சைத் துணி வாங்கி விரித்தால் போர்க்களம் ரெடி, தாயமும் கீழே உருண்டு ஓடாது. ஆயிரக்கணக்கில் காலாட்கள் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ஆறு மில்லிமீற்றர்ப் பொம்மைகளை எடுத்து, அதே துண்டில் இருபது பேரை ஒட்டுங்கள். கண்ணாடி மட்டும் நல்லதாக வேண்டும்.

கே: கூட்டமான படையா, சிறப்பு வீரர்கள் சிலரா? எனக்குக் கூட்டம்தான் பிடிக்கிறது, பூச்சு வேலையை நினைத்தால் பயமாக இருக்கிறது.
— வத்தளை வாசகி

பிடித்ததையே எடுங்கள். என் கணக்கில் இருபது பேர் கொண்ட ஐந்து அணிகள் வெறும் ஐந்து துண்டுதான், மூளைக்குப் பாரமில்லை. பாரம் கைக்குத்தான். இருபது பேரையும் ஒவ்வொருவராகத் தூக்கி வைக்கிற நேரத்தில் எதிராளி கொட்டாவி விடுவார். வரிசையாக நிற்கும் படை என்றால் அணிக்கொரு தட்டு செய்து, தட்டோடு தள்ளுங்கள்.

பூச்சுக்கு மூன்று நிறம், மேலே மண்ணிற வாஷ் (தண்ணீராக ஓடும் மெல்லிய பூச்சு) ஒன்று. முகத்தையும் கேடயத்தையும் கவனியுங்கள். மூன்றாம் வரிசைக்காரனின் சப்பாத்தை யாரும் பார்ப்பதில்லை. கொழும்பில் மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் ஈரப்பதனில் பொருக்குப் பொருக்காகப் போகும், மெருகு ஸ்ப்ரேயும் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மாதங்களில் தூரிகையால் பூசும் பிரைமர்தான் சரி.

கே: என் எதிராளி ஒரு முறைக்கு அரை மணித்தியாலம் எடுக்கிறார். படையைக் குறைக்கச் சொல்லவா, ஆளை மாற்றவா?
— கொள்ளுப்பிட்டி வாசகர்

நூறு வருடத்துக்கு மேலான வருத்தம் இது. எச்.ஜி. வெல்ஸ் 1913 இல் வெளியிட்ட பொம்மைப் போர் விதிகளிலேயே மருந்து இருக்கிறது: முப்பது பேருக்கு ஒரு நிமிடம், பீரங்கி ஒன்றுக்கு ஒரு நிமிடம். 110 பேரும் மூன்று பீரங்கியும் என்றால் ஏழு நிமிடம் தாராளம் என்கிறார். உங்கள் விதிகள் அவருடையதைவிடச் சிக்கலானவை, ஆகவே அதை இரட்டிப்பாக்கி, செஸ் கடிகாரம் ஒன்றை மேசையில் வையுங்கள். அதற்குள் முடிக்க முடியாவிட்டால் படையைக் குறைப்போம் என்று அவரே சொல்வார். நீங்கள் கேட்டால் மனஸ்தாபம், கடிகாரம் கேட்டால் இல்லை.

கே: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள், உங்கள் படையில் எத்தனை பேர்? மழுப்பாமல் சொல்லவும்.
— மட்டக்குளி வாசகர்

நாற்பத்தைந்து. சாகா என்ற இடைக்காலச் சிறுபடை ஆட்டத்தின் விதியில் ஆறு புள்ளிப் படை: தலைவன் ஒருவன், நாலு நாலாக மெய்க்காவலர் எட்டுப் பேர், எட்டு எட்டாகப் போர்வீரர் இருபத்துநான்கு, குடிப்படை பன்னிரண்டு. மேசை 36 க்கு 48 அங்குலம், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்படியே அடங்கும். குடிப்படையைச் சேர்க்காதே என்று எங்கள் கூட்டத்தில் எல்லோரும் திட்டுகிறார்கள், ஏனென்றால் அந்த அணி கட்டளைத் தாயம் எதுவும் தராது. தெரியும். ஈட்டியை வளைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் குடியானவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

அடிப்பாகங்களில் காந்தத் தகடு ஒட்டியிருக்கிறேன். நாற்பத்தைந்து பேரும் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் ஆடாமல் நிற்பார்கள். போயா நாளில் அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு 101 பஸ்ஸில் போய்விடலாம், ஓட்டோ பிடிக்கத் தேவையில்லை. 2000 புள்ளிப் படையொன்றும் அலுமாரியில் இருக்கிறது. வெசாக் லீவில் நாலு பேர் சேர்ந்து இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடும்போது அது வெளியே வரும்.

அடுத்தமுறை மேசை மறைப்புகளும் தரை விரிப்புகளும். கேள்விகளை மாத நடுப்பகுதிக்குள் அனுப்புங்கள். பொம்மை விலை கேட்டு எழுத வேண்டாம், நான் வியாபாரி அல்ல.